பலிபீடத்தில் வைக்க வேண்டிய பொருள்

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களைப் பல்வேறு வேண்டுதல்கள் அழைத்து வருகின்றன. மகளின் திருமணம் கைகூட வேண்டும் என்று ஒருவர் வருகிறார். பற்றிய நோய் நீங்க வேண்டும் என்று மற்றொருவர் வருகிறார். தேர்வில் வெற்றி, வழக்கில் நீதி, தொழிலில் உயர்வு என வேண்டுதல்கள் பலவாக விரியும். எனினும் அவை யாவற்றுக்கும் அடியில் நிற்பது ஒரே வேண்டுதல். அது மன அமைதி. திருமணம் இனிது முடிந்த பின்னும், நோய் தீர்ந்த பின்னும், வழக்கு வென்ற பின்னும் மனம் அடங்காது வேறொரு குறையைத் தேடி அலைவதை உலகியலில் காணலாம். ஆதலின் அமைதியின்மைக்குக் காரணம் கிடைக்காத பொருள் அன்று; பெற்றாலும் பெறாவிட்டாலும் உள்ளே நின்று ஓயாது குரல் கொடுக்கும் 'நான்' என்னும் முனைப்பே காரணம்.

இம்முனைப்பை நம் முன்னோர் ஆணவம் என்றனர். அதனை அடக்கும் வழியை நூல்களில் எழுதி வைத்ததோடு அமையாது, எழுத்தறியாதவரும் உணருமாறு திருக்கோயிலின் அமைப்பிலேயே பொதிந்து வைத்தனர். கோபுர வாயிலில் நுழைந்து, வலம் வந்து, சிறிது நேரம் அமர்ந்து எழுவதற்குள் ஓர் அன்பர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அங்கே இருக்கிறது.

பலிபீடம் உணர்த்துவது

சிவாலயங்களில் இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றதும் பலிபீடமும் கொடிமரமும் நந்தியும் சந்நிதிக்கு நேராக அமைந்திருக்கும். பலி என்னும் சொல்லைக் கேட்டதும் உயிர்க்கொலையை நினைப்பாரும் உளர். அப்பொருள் இங்குப் பொருந்தாது. பலி என்பது படைக்கப்படும் காணிக்கை. பூசைக் காலங்களில் பரிவார தேவதைகளுக்கு உரிய அன்னம் இடப்படுவது இப்பீடத்தின் மேல்தான். வழிபட வருவோரும் தமக்குரிய காணிக்கை ஒன்றை இங்கே வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்பர் பெரியோர். அக்காணிக்கை தேங்காயும் பழமும் அன்று. 'நான்', 'எனது' என்னும் இரண்டு எண்ணங்களே.

இவ்விரண்டையும் செருக்கு என்று சுட்டிய திருவள்ளுவர், அதனை ஒழித்தவர் அடையும் உயர்நிலையைத் துறவு என்னும் அதிகாரத்தில் கூறுகின்றார். தான் அல்லாத உடம்பைத் தான் என்று கருதுவது முதல் மயக்கம். தன்னோடு உண்மையில் தொடர்பற்ற பொருளைத் தனது என்று கருதுவது இரண்டாம் மயக்கம். முன்னதை அகப்பற்று என்றும் பின்னதைப் புறப்பற்று என்றும் உரையாசிரியர் வகுத்துரைப்பர்.

இவை நூலறிவுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. ஒரு தாய் வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் இரு வீட்டிற்கும் இடையே நிற்கும் ஒரு முழச் சுவரின் பொருட்டுப் பத்தாண்டுகள் பேசாது வாழ்வதை ஊர்தோறும் காணலாம். இருவரும் ஒரே கோயிலுக்கு வருவர். ஒரே தீபாராதனையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வர். பின்னர் ஒருவரை ஒருவர் காணாதது போல வேறு வேறு வாயில் வழியே வெளியேறுவர். அச்சுவரை இடிப்பதற்கு ஒரு நாள் கூலி போதும். 'அவன் முதலில் பேசட்டும்' என்னும் எண்ணம்தான் எந்தக் கடப்பாரைக்கும் அசையாமல் நிற்கிறது.

கொடிமரத்தின் முன் ஆடவர் எட்டு உறுப்புகளும் மகளிர் ஐந்து உறுப்புகளும் நிலத்தில் தோய வீழ்ந்து வணங்குதல் மரபு. உடம்பு கீழே கிடக்க, உள்ளம் மட்டும் நிமிர்ந்து நிற்குமானால் அவ்வணக்கம் உடற்பயிற்சியாகவே முடியும். உடம்போடு உள்ளமும் வீழ வேண்டும் என்பதை நினைவூட்டவே அவ்விடத்தில் பலிபீடம் நிற்கிறது.

தென்முகக் கடவுளின் திருக்கை

வலம் வரும்போது கருவறையின் தென்புறச் சுவரில் தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தின் கீழ் அமர்ந்திருக்கக் காணலாம். சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய முனிவர் நால்வருக்கும் பெருமான் வாய் திறவாது மெய்ப்பொருளை உணர்த்திய கோலம் அது. அவரது வலக்கையில் சின்முத்திரை விளங்குகிறது. சுட்டுவிரல் வளைந்து பெருவிரலைத் தொட்டிருக்க, ஏனைய மூன்று விரல்களும் விலகி நிற்கின்றன. பெருவிரல் இறைவன், சுட்டுவிரல் உயிர், விலகி நிற்கும் மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள் என்று இதற்குப் பொருள் உரைப்பர். பிறரைக் குற்றம் கூறும்போது நீளும் விரலே இங்கு வளைந்து பணிந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

பெருமானின் திருவடியின் கீழ் முயலகன் கிடக்கின்றான். கூத்தப்பெருமானின் ஊன்றிய திருவடியின் கீழும் அவனே கிடக்கின்றான். அவன் ஆணவத்தின் உருவம். அவன் கொல்லப்படவில்லை என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். தலையைத் தூக்கியவாறு உயிரோடுதான் கிடக்கின்றான். ஆயினும் எழ இயலாதவனாய் இருக்கின்றான்.

சைவ சித்தாந்தத்தின் நுட்பமான கருத்து ஒன்று இதில் அடங்கியுள்ளது. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் ஆணவம் உயிரோடு அநாதியே உடன் நிற்பது. அதனை உயிர் தன் வலிமையால் வெட்டி எறிந்துவிட இயலாது. 'என் ஆணவத்தை நானே வென்றுவிட்டேன்' என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்றில் ஆணவமே வாய் திறந்து பேசுகிறது. இருளை வாளால் வெட்ட முடியாது. துடைப்பத்தால் பெருக்கித் தள்ளவும் முடியாது. விளக்கை ஏற்றியதும் இருள் தன் வலி இழந்து ஒடுங்கும். அதுபோலத் திருவருள் பதியும் இடத்தில் ஆணவம் அடங்கும். ஆகவே ஆணவத்தோடு மல்லுக்கு நிற்பது அடியவர் பணி அன்று. திருவருளின் ஒளியில் சென்று நிற்பதே பணி. தியானம் என்பது அவ்வாறு சென்று நிற்கும் முறையே.

சொல்லாமல் சொன்ன விடை

ஆணவத்தைக் கண்டுகொள்வது எளிதன்று. புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் 'இங்கே இருள் இருக்கிறது' என்று தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். இவ்வுண்மையை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் தெளிவுற விளக்கியுள்ளார். ஆணவம் மிக்க ஒருவர் தம்மை ஆணவம் உடையவராக ஒருபோதும் கருதுவதில்லை. கற்றவரிடத்தில் இம்மறைவு இன்னும் ஆழமானது என்பதற்கு ஒரு வரலாறு சான்று.

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டே நூற்பாக்களில் சிவஞானபோதத்தை அருளியவர். இளம்பருவத்திலேயே ஞானம் கைவரப் பெற்றவர். அவரது குடும்பத்துக்குக் குலகுருவாய் விளங்கியவர் அருணந்தி சிவாசாரியார். ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் துறைபோகியவர் ஆதலின் சகலாகம பண்டிதர் என்று சிறப்பிக்கப் பெற்றார். தம் மாணாக்கர் பலரும் சிறுவர் ஒருவரிடம் பாடம் கேட்கச் செல்வதை அறிந்த பண்டிதர், அதனைச் சோதித்தறியத் தாமே புறப்பட்டுச் சென்றார்.

அவ்வேளையில் மெய்கண்டார் ஆணவ மலத்தின் இயல்பை மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிதர் அமரவில்லை. நின்றவாறே, ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறந்து விடை கூறவில்லை. எதிரே நின்ற பண்டிதரை அடி முதல் முடி வரை ஒரு முறை நோக்கினார். அவ்வளவே. தாம் நிற்கும் நிலையே தாம் கேட்ட வினாவுக்கு விடை என்பதைப் பண்டிதர் அக்கணமே உணர்ந்தார். இளையவரின் திருவடியில் வீழ்ந்து அவருக்கு மாணாக்கர் ஆனார். சிவஞானபோதத்தின் வழிநூலாகிய சிவஞான சித்தியாரை உலகுக்குத் தந்தவர் அவரே.

ஆகமம் முழுவதும் கற்றவருக்கு ஆணவம் என்னும் சொல்லின் இலக்கணம் தெரியாததன்று. தம்மிடத்தில் அது நிற்கும் நிலைதான் அதுவரை தெரியவில்லை. பிறர் காட்டியதும் சினம் கொள்ளாது அதனைக் கண்டு பணிந்ததே அவரது பெருமை. வீட்டில் மனைவியோ மகனோ ஒரு குறையை எடுத்துக் கூறும்போது எழும் சினத்தைச் சற்றே தாமதித்து, 'இதில் உண்மை உண்டோ' என்று எண்ணிப் பார்ப்பவர், அப்பெருமையில் சிறிதேனும் பங்கு பெறுவர்.

அடியும் முடியும் தேடிய கதை

கருவறையின் பின்புறச் சுவரில் இலிங்கோற்பவர் திருவுருவம் உண்டு. அடியைக் காணத் திருமால் பன்றி வடிவில் நிலத்தை அகழ்ந்து செல்ல, முடியைக் காண நான்முகன் அன்ன வடிவில் வானில் பறக்க, இருவருக்கும் எட்டாது சோதிப் பிழம்பாய்ப் பெருமான் நின்ற கோலம் அது. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும்போது அன்பர்கள் நினைந்து உருகுவது இவ்வரலாற்றையே.

இது தெய்வங்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்க எழுந்த கதை அன்று. நான்முகன் கலைமகளின் தலைவர். திருமால் திருமகளின் தலைவர். கல்விச் செருக்காலும் செல்வச் செருக்காலும் மெய்ப்பொருளை அளந்துவிட முடியாது என்பதே இதன் உட்பொருள். திருமால் 'காண இயலவில்லை' என்று ஒப்புக்கொண்டு மீண்டார். நான்முகனோ தாழம்பூவைச் சான்றாகக் கொண்டு, முடியைக் கண்டதாகப் பொய் உரைத்தார். அதனால் சிவபூசையில் தாழம்பூ விலக்கப்பட்டது என்பர். இயலாமையை ஒப்புக்கொள்வது இழிவன்று. ஒப்புக்கொள்ள மனமில்லாது மேலும் ஒரு பொய்யைத் துணை சேர்ப்பதே இழிவு. 'தெரியாது' என்னும் ஒரு சொல்லைக் கூற நாணுவதால் மனிதர் இழக்கும் அமைதி மிகப் பெரிது.

தொண்டில் மறைந்திருக்கும் ஆணவம்

வடபுறத்தில் சண்டிகேசுவரர் சந்நிதி. பழங்காலத்தில் சிவாலயச் சொத்துக்களைக் குறித்த ஆவணங்கள் இவர் பெயராலேயே எழுதப்பட்டமையைக் கல்வெட்டுகளில் காணலாம். அன்பர்கள் இவர் முன் இரு கைகளையும் விரித்துக் காட்டி, கோயில் பொருள் எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று உணர்த்துவது வழக்கம். அவர் சிவத்தியானத்தில் இருப்பவர் ஆதலின் உரக்கக் கைதட்டாது மெல்ல உணர்த்துவதே முறை. விரித்த கை வெறுங்கை. 'எனது' என்று பற்றிக்கொள்ள ஏதும் இல்லை என்பதே அச்செயலின் நிறைவான பொருள்.

ஆனால் பொருளை விட்ட கைகள் புகழைப் பற்றிக்கொள்வதும் உண்டு. திருவிழாவில் முதல் மரியாதை தமக்குக் கிடைக்கவில்லை என்பதால் தேர் வடத்தைத் தொடாது வீடு திரும்பியவர் உண்டு. கோயிலுக்கு வழங்கிய குழல்விளக்கில் ஒளி வெளிவர இடமின்றித் தம் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தவரும் உண்டு. கொடையாளர் பெயரைப் பொறிப்பது தவறன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தான் அளித்தவற்றோடு தமக்கையாரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். கோயிற் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர் பெயரும் அங்கே உண்டு. அறம் தடையின்றி நடைபெற அத்தகைய பதிவு உதவும். பெயர் அறத்தைக் காக்கும் வரையில் அது பதிவு. ஒளியை மறைக்கத் தொடங்கினால் அதுவே ஆணவம்.

தொண்டு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்குத் திருநாவுக்கரசர் வாழ்வே இலக்கணம். முதுமையிலும் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களில் புல் செதுக்கிய பெருமான் அவர். பாண்டி நாட்டிலிருந்து மீண்ட திருஞானசம்பந்தர் முத்துச்சிவிகையில் திருப்பூந்துருத்தியை அணுகியபோது, அப்பர் கூட்டத்தினுள் யாரும் அறியாவாறு புகுந்து சிவிகை தாங்குவாருள் ஒருவராய்த் தம் தோளைக் கொடுத்தார். ஊரை நெருங்கியதும், அப்பர் எங்கே உள்ளார் என்று சம்பந்தர் வினவ, சிவிகையின் கீழிருந்து, அடியேன் தங்களைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே உள்ளேன் என்னும் பொருள்பட விடை வந்தது. சம்பந்தர் பதைத்து இறங்கி வணங்க, அவருக்கு முன்னே அப்பர் வணங்கினார் என்று சேக்கிழார் பாடுகின்றார். வயதில் முதியவர், அனுபவத்தில் மூத்தவர், சம்பந்தராலேயே அப்பர் என்று அழைக்கப் பெற்றவர். தம்மைக் காட்டிக்கொள்ள அவர் விழையவில்லை. வினவியபோது மட்டும் விடை கூறினார்.

சிறிது நேரம் அமர்தல்

வழிபாடு முடிந்ததும் திருக்கோயிலில் சற்று அமர்ந்து செல்வது தொன்று தொட்ட வழக்கம். இக்காலத்தில் அந்நேரம் பேச்சிலும் கைப்பேசியிலும் கழிந்துவிடுகிறது. உண்மையில் அது தியானத்துக்கு உரிய நேரம்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளை உடைய யோகத்தை விளக்குகின்றார். அவை இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. இவ்வரிசையில் தியானம் ஏழாவதாக நிற்கிறது. தீயன விலக்குதலும் நல்லன மேற்கொள்ளுதலும் ஆகிய ஒழுக்கமே முதல் இரு படிகள். பகல் முழுவதும் பிறரை வஞ்சித்துவிட்டு மாலையில் கண்மூடி அமைதி தேடுவோர்க்கு அது வாய்க்காமைக்குக் காரணம் இதனால் விளங்கும். அவர் ஆறு படிகளைத் தாண்டி ஏழாம் படியில் கால் வைக்க முயல்கிறார்.

உயர்ந்த யோகப் பயிற்சிகளைத் தக்க குருவின் துணையின்றி மேற்கொள்ளுதல் கூடாது. எல்லோரும் கைக்கொள்ளத்தக்க எளிய முறை திருநாமத்தை நினைந்து அமர்தலே. கூட்டம் இல்லாத ஓரிடத்தில் முதுகு நிமிர அமர்க. முட்டி வலி உடையோர் திண்ணையில் அமரலாம். ஆதனம் என்பது வருந்தாது நிலைத்திருக்கும் இருக்கையே. சந்நிதியில் கண்ட திருவுருவத்தைத் திருவடி தொடங்கித் திருமுகம் வரை மெல்ல நினைவில் கொணர்க. பின்னர்த் திருவைந்தெழுத்தைப் பிறர் கேட்கச் சொல்லாது, உதட்டையும் அசைக்காது, மனத்துக்குள் ஓதுக.

சிவாயநம என்னும் ஐந்தெழுத்தில் சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலையும், மகரம் மலத்தையும் குறிக்கும் என்பது சித்தாந்த மரபு. உயிரைக் குறிக்கும் எழுத்து நடுவில் நிற்பதை நோக்குக. ஒரு புறம் மலம்; மறு புறம் அருள். முகத்தை எப்பக்கம் திருப்புவது என்பதே உயிரின் முன்னுள்ள வினா. ஒவ்வொரு முறை ஓதும்போதும் உயிர் தன் முகத்தை அருளின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. வைணவ அன்பர்கள் திருவெட்டெழுத்தை ஓதும்போது அதில் உள்ள நம என்பதற்கு 'எனக்கு உரியேன் அல்லேன்' என்று ஆசாரியர்கள் உரைத்த பொருளை நினைதல் தகும். நெறி வேறாயினும் இறக்கி வைக்கும் சுமை ஒன்றே.

அமர்ந்த சிறிது நேரத்திலேயே நினைவுகள் எழும். கடைக்காரர் தர வேண்டிய மீதிப் பணம், உறவினர் கூறிய சுடுசொல், அடுப்பில் வைத்து வந்த பால் எனப் பலவும் வரும். அவற்றை விரட்டுதல் வேண்டா. வாயிலில் அமர்ந்திருப்பவர் தெருவில் செல்வோரைக் காண்பது போலக் கண்டிருந்து, மீண்டும் திருநாமத்துக்குத் திரும்புதல் வேண்டும். ஐம்பது முறை மனம் விலகினால் ஐம்பது முறை திரும்புவதே அன்றைய தியானம். 'இன்று மனம் நிற்கவில்லையே' என்று வருந்துவதிலும், 'இன்று நன்றாகத் தியானித்தேன்' என்று மகிழ்வதிலும் 'நான்' எட்டிப் பார்க்கும். இரண்டையும் திருவடியில் விட்டு எழுதல் நலம்.

பெயர் பொறிக்காத கோயில்

இவ்வாறு அகத்தே நினைந்து உயர்ந்தவர் பூசலார் நாயனார். திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வந்தணர், கோயில் எழுப்ப விரும்பிப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. பொருள் தராத உலகின் மேல் அவர் சினம் கொள்ளவில்லை. மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தச்சரும் அமைத்து, நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவும் துயிலாது நாள்தோறும் நினைந்து நினைந்து விமானமும் மதிலும் திருக்குளமும் முடித்தார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் தான் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யப் பல்லவ மன்னன் முனைந்திருந்தான். பெருமான் அவன் கனவில் தோன்றி, அன்று பூசலார் கோயிலில் புகவிருப்பதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தார். மன்னன் திருநின்றவூர் சென்று அக்கோயிலைத் தேடினான். அப்படி ஒரு கோயில் இல்லை என்றனர் ஊரார். பூசலாரைக் கண்டு உண்மை அறிந்ததும் நிலத்தில் வீழ்ந்து வணங்கினான்.

இவ்வரலாற்றில் இருவர் ஆணவம் நீங்கி நிற்பதைக் காண்க. பூசலார் கட்டிய கோயிலை அயல் வீட்டாரும் அறியார். பெயர் பொறிக்க அதில் சுவரே இல்லை. மன்னனோ கல்லால் கட்டியவன். படையும் பொருளும் உடையவன். தன் விழா தள்ளிவைக்கப்பட்டதற்குச் சினவாது, வறியவர் ஒருவரைத் தேடிச் சென்று வணங்கினான். நினைவால் கட்டியவருக்கு அருளிய இறைவன் கல்லால் கட்டியவனையும் கைவிடவில்லை. திருநின்றவூரில் உள்ள இருதயாலீசுவரர் திருக்கோயில் இன்றும் பூசலாரின் அன்பை நினைவூட்டி நிற்கிறது.

அடக்கம் அச்சம் அன்று

ஆணவம் அடங்குதல் என்றால் அநீதிக்குத் தலைவணங்குவது என்றும், கடமையை விட்டு ஒதுங்குவது என்றும் சிலர் மயங்குவர். சிவிகைக்குத் தோள் கொடுத்த அதே திருநாவுக்கரசர்தாம், பல்லவ மன்னன் அழைத்தபோது அஞ்சாது மறுத்துரைத்தவர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டதும் அவரை அசைக்கவில்லை. காத்துக்கொள்ள 'நான்' என்று ஒன்று இல்லாதவருக்கு இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவருக்கு அச்சமும் இல்லை. சினந்து எதிர்ப்பவர் தமக்காக எதிர்க்கின்றார். அடங்கி எதிர்ப்பவர் அறத்துக்காக எதிர்க்கின்றார்.

இராமாநுசர் திருமந்திரப் பொருள் வேண்டித் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்த வரலாறும் இங்கு நினையத்தக்கது. வாயிலில் நின்று 'நான் வந்திருக்கிறேன்' என்றவரை, 'நான் செத்த பின் வா' என்று நம்பி திருப்பி அனுப்பினார் என்றும், 'அடியேன்' என்று வந்து நின்றபோதே உபதேசம் கிட்டியது என்றும் வழங்குவர். அவ்வாறு பணிந்து பெற்ற பொருளைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாது பலருக்கும் வெளியிட்ட துணிவும் அவருடையதே. பணிவும் துணிவும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பது இதனால் விளங்கும்.

அமைதியின் அடையாளம்

தியானம் பலிக்கின்றது என்பதற்கு அடையாளம் யாது? கண்மூடியபோது ஒளி தோன்றுவதும் ஓசை கேட்பதும் அல்ல. அவை தோன்றினும் தோன்றாவிடினும் குறையில்லை. கண் திறந்த பின் நிகழ்வதே அடையாளம். பிறர் பாராட்டும்போது மனம் துள்ளாமலும் பழிக்கும்போது துவளாமலும் இருத்தல். பிறர் நற்பேற்றைக் கண்டு உண்மையாக மகிழ்தல். தவறு நேர்ந்தபோது 'பிழை என்னுடையது' என்று தயங்காது கூறுதல். பேசாதிருந்த உடன்பிறந்தாரிடம் 'நலமா' என்று முதலில் கேட்டல். இவையே உறுதியான அடையாளங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தடையாய் இருந்தது எதுவோ, அதுவே பலிபீடத்தில் வைக்க வேண்டிய பொருள்.

ஒரு நாளில் இது கைவராது. நேற்று வைத்துச் சென்ற சுமை இன்று மீண்டும் தோளில் ஏறியிருக்கும். அதனால் சோர்வடைதல் வேண்டா. களிம்பு ஏறும் செம்பைத் தேய்த்துத் துலக்குவது போல, நாள்தோறும் உள்ளத்தைத் துலக்குவதற்கே நாள்தோறும் வழிபாடு அமைந்தது. கோயில் நடை நாளையும் திறக்கும். பலிபீடம் நாளையும் அங்கேயே இருக்கும்.

தலையில் சுமையோடு நடந்து வந்த வழிப்போக்கன் அதனைச் சுமைதாங்கிக் கல்லின் மேல் இறக்கி வைத்ததும் பெருமூச்செறிந்து நிமிர்கின்றான். அந்த இளைப்பாறலை அவன் வெளியிலிருந்து பெறவில்லை. சுமை நீங்கியதும் அது தானே வந்தது. மன அமைதியும் அத்தகையதே. 'நான்', 'எனது' என்னும் சுமைகளைத் திருவடியில் இறக்கி வைத்து, அன்பர்கள் அனைவரும் நிறைந்த அமைதி பெற்று இனிது வாழ எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்